பள்ளிக் கூடைப்பந்து அணியை அடியிலிருந்து உருவாக்குவது: முதல் இரண்டு சீசனுக்கான வழிகாட்டி

பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்துப் புதிதாக ஓர் அணி தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பள்ளியின் பி.டி. ஆசிரியராக இருக்கலாம், கல்லூரி அணியில் ஆடிவிட்டு, இப்போது மாலையில் கோர்ட்டுக்கு வரும் அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். டிரிபிள் செய்வது (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வது), ஷாட் போடுவது எல்லாம் கற்றுத்தர வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகள் அடுத்த வருடமும் கோர்ட்டுக்கு வர வேண்டுமென்றால் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

புதியவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதல் வாரம் ஆள் தேர்வு, அடுத்து ஜெர்சி, உடனே ஒரு போட்டி, அதில் பெரிய தோல்வி, அப்புறம் திட்டு. தீபாவளி லீவு முடிந்து பார்த்தால் பாதிப் பேர் வருவதில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பந்து: நான்கு பேருக்கு ஒன்றாவது வேண்டும். இருபது பேருக்கு இரண்டு பந்து என்றால் பயிற்சி முழுக்க வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். அளவையும் பாருங்கள். ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து சுமார் 600 கிராம். பன்னிரண்டு வயதுக் கைக்கு அது பெரிது. 12 முதல் 14 வயது வரை 6-ஆம் எண், அதற்கும் சின்னவர்களுக்கு 5-ஆம் எண் வாங்குங்கள். பள்ளி ஸ்டோர் ரூமில் 7-ஆம் எண் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதல் செலவு அதை மாற்றுவதற்குத்தான். ஜெர்சி காத்திருக்கட்டும்.

ரிங்: வழக்கமான உயரம் 3.05 மீட்டர். மினி கூடைப்பந்துக்கு 2.60 மீட்டர். நம் பள்ளிகளில் கம்பம் சிமென்ட்டில் புதைந்திருக்கும், இறக்க முடியாது. பரவாயில்லை, சின்னப் பிள்ளைகளை ஃப்ரீ த்ரோ கோட்டில் நிறுத்தாமல் இருந்தால் போதும். 4.6 மீட்டர் தூரத்திலிருந்து எறிய வலு போதாததால் பந்தை இடுப்பிலிருந்து தூக்கி வீசுவார்கள். அந்தப் பழக்கம் கையில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு. ரிங்கிலிருந்து இரண்டு தப்படியில் நின்று போடட்டும்.

இன்னொரு பெரியவர்: விளையாட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் நீங்கள் அவனைக் கவனிப்பீர்கள். மற்றவர்களைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பெண்கள் அணி என்றால் ஓர் ஆசிரியையோ ஒரு பிள்ளையின் அம்மாவோ கூட இருப்பது கட்டாயம்.

ஒரு நோட்டு: வருகை, பிறந்த தேதி, யாருக்கு எதைத் திருத்தினீர்கள் என்று எழுத. இதன் பயன் நான்காவது பகுதியில் தெரியும்.

2. தலைமை ஆசிரியரிடம் முதலில் பேசுங்கள்

பயிற்சி தொடங்கியபிறகு பேசினால், கேட்கும் முதல் கேள்வியே "சார், கப் எப்போ?" என்றுதான் இருக்கும். முன்பே போய், முதல் வருடம் குறுவட்டப் போட்டியில் (சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையே நடப்பது) முதல் ஆட்டத்திலேயே வெளியேற வாய்ப்பு அதிகம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு அவர் பார்க்கக்கூடிய வேறொன்றைக் கொடுங்கள்: ஜூனில் வந்தவர்களில் எத்தனை பேர் மார்ச்சிலும் வருகிறார்கள் என்ற கணக்கு. அதைத் தருவதாக ஒப்புக்கொண்டால், உங்கள் வேலையும் அந்தத் திசையில் போகும்.

மேலே இருப்பவர்கள் பொறுமையாக இல்லையென்றால் கீழே நீங்கள் பொறுமையாக இருக்க முடியாது. அந்த அழுத்தம் உங்கள் வழியாகப் பிள்ளைகள் தலையில்தான் விழும்.

3. பெற்றோர் கூட்டம், முதல் பயிற்சிக்கு முன்பே

அரை மணி நேரம் போதும். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு முடியும், யார் கூட்டிப்போவது, பரீட்சை நேரத்தில் என்ன செய்வது: இவ்வளவுதான். "படிப்பு கெடாது" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. "பரீட்சைக்கு முந்தைய வாரம் பயிற்சி கிடையாது, டியூஷன் உள்ள நாளில் அரை மணி முன்னதாகக் கிளம்பலாம்" என்று சொல்லுங்கள். அதை மீறாமலும் இருங்கள்.

ஆட்ட நேரம் பற்றியும் இந்தக் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும். இந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் ஆடுவார்கள், நன்றாக ஆடும் பிள்ளையும் சிறிது நேரம் வெளியே உட்காருவான் என்று சொல்லுங்கள். மேட்ச் அன்று சொன்னால் சண்டை; இரண்டு மாதம் முன்பு சொன்னால் விதி.

4. ஆளைக் கழிக்காதீர்கள்

பதினான்கு வயதுக்குட்பட்ட அணியில் முதல் வாரமே பன்னிரண்டு பேரைப் பொறுக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த வயதில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் திறமை இல்லை, பிறந்த மாதம்.

நோட்டில் பிறந்த தேதியை எழுதச் சொன்னது இதற்குத்தான். வயதுக் கணக்கு ஜனவரி 1-ஐ வைத்து என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி. பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இளையோர் அணிகளைப் பார்த்த ஆய்வாளர்கள், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பொறுக்கிய பன்னிரண்டு பேரின் தேதியையும் பாருங்கள். பாதிக்கு மேல் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் பிறந்தவர்கள் என்றால், கழித்துவிட்டவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டிய நேரம்.

இதோடு வளர்ச்சி வேகமும் சேரும். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதையொட்டியும் பையன்கள் பதினான்கை ஒட்டியும் திடீரென உயர்வார்கள். அப்போது நேற்று வரை சரியாகப் போட்ட லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குக் கிட்டே எழும்பிப் போடும் ஷாட்) தடுமாறும், கால் எங்கே இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி என்று சொன்னால் சாக்கு என்று நினைக்காதீர்கள். வளரும் வயதில் குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு அது சகஜம். குதிப்பதைக் குறையுங்கள், விடாமல் வலித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பதினாறிலிருந்து இருபது பேர் வரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரே ஆளால் பார்க்க முடியாது.

உயரமான பிள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவனை ரிங்குக்குக் கீழே நிறுத்தி, "பந்தைத் தரையில் தட்டாதே, மேலேயே வைத்துக்கொள்" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். அந்த வருடம் நாலு ஆட்டம் ஜெயிக்கலாம். ஆனால் பதினாறு வயதில் மற்றவர்களும் உயர்ந்துவிட்டால், டிரிபிள் தெரியாத சராசரி உயரக்காரனாக அவன் நிற்பான். எல்லோரும் எல்லா இடத்திலும் ஆடட்டும். யானிஸ் அன்டெட்டோகோன்போவை, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் மில்வாக்கி பக்ஸ் அணி 2013 இளம் வீரர் தேர்வில் 15-வது ஆளாக எடுத்தது. முதல் சீசனில் அவர் சராசரி 6.8 புள்ளி, அணி 82 ஆட்டத்தில் 15-இல்தான் ஜெயித்தது. அவ்வளவு உயரமானவரைப் பந்தைக் கொண்டுபோகும் வேலைக்கும் பழக்கினார்கள். 2021 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் அவர் 50 புள்ளி எடுத்து அணி கோப்பையை வென்றது. எட்டாவது சீசன் அது.

5. நாலே நாலு விதி

அணிக்கு நல்ல பழக்கம் வர வேண்டும் என்று சுவரில் பொன்மொழி ஒட்டுகிறார்கள். எந்தப் பிள்ளையும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை. கண்ணால் பார்க்க முடிகிற விதி நாலு போதும்:

பயிற்சி நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே ஷூ லேஸ் கட்டி நிற்க வேண்டும். கீழே விழுந்தவனை அருகில் இருப்பவன் கைகொடுத்து எழுப்ப வேண்டும், எதிரணி ஆளாக இருந்தாலும். பந்து போய்விட்டால் உடனே திரும்பி ஓட வேண்டும். பயிற்சி முடிந்து பந்துகளைப் பொறுக்கி வைப்பது மூத்தவர்கள் வேலை.

நாலாவது விதியை நிறையப் பேர் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை பந்து சுமப்பான், ஒன்பதாம் வகுப்பு அண்ணன்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். சின்னவன் அதிலிருந்து கற்றுக்கொள்வது, "நானும் பெரியவன் ஆனால் இன்னொருத்தனை வேலை வாங்கலாம்" என்பதுதான்.

விதியை முதலில் உங்கள் சிறந்த ஆட்டக்காரன் மேல் பிரயோகியுங்கள். அவன் தாமதமாக வந்தால் அவன்தான் வெளியே உட்கார வேண்டும். என்.பி.ஏ.வின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் பயிற்சியாளராக இருந்த கிரெக் போபோவிச், அணியின் பெரிய நட்சத்திரமான டிம் டங்கனையே எல்லோர் முன்பும் கண்டிப்பார், டங்கனும் வாங்கிக்கொள்வார் என்பது ஊரறிந்த சங்கதி. அதைப் பார்த்த பிறகு பெஞ்சில் இருக்கும் புதியவன் எதற்கு முறைப்பான்? அந்த அணி 1999-க்கும் 2014-க்கும் நடுவே ஐந்து முறை கோப்பை எடுத்தது.

6. பயிற்சி வரிசை

தொண்ணூறு நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன். ஓட்டமும் உடல் சூடாக்கலும் 10 நிமிடம். நிற்பதும் திரும்புவதும் 15. டிரிபிளும் லே-அப்பும் 20. மூன்றுக்கு மூன்று ஆட்டம் 30. களைத்த பிறகு கிட்டத்திலிருந்து ஷாட் 10. கடைசி ஐந்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேச்சு.

நிற்பதும் திரும்புவதும் ஏன் டிரிபிளுக்கு முன்? புதிய பிள்ளை பந்தை இழப்பது பெரும்பாலும் டிரிபிளில் இல்லை, நிற்கத் தெரியாமல் டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கூடுதல் அடி வைக்கும் தவறு) ஆவதில். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பதிய நின்று, ஒரு காலை ஊன்றி மற்றதைச் சுழற்றத் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். பயம் போனால் தலை நிமிரும். தலை நிமிர்ந்தால் பாஸ் கொடுக்க ஆள் தெரிவான்.

மூன்றுக்கு மூன்று ஏன் என்றால், ஐந்துக்கு ஐந்தில் பலவீனமான பிள்ளை மூலையில் போய் ஒளிந்துகொள்ளலாம். ஆறு பேர் மட்டும் இருக்கும்போது ஒளிய இடமில்லை, பந்து கைக்கு வந்தே தீரும். அரைக் கோர்ட்டில் ஆடுவதால் இரண்டு ரிங்கும் ஓய்வில்லாமல் ஓடும்.

முதல் மூன்று மாதம் கேட்கக் கூடாதவை: செட் பிளே (முன்கூட்டியே வகுத்த தாக்குதல் நகர்வு), 6.75 மீட்டர் கோட்டிலிருந்து மூன்று புள்ளி ஷாட், முழுக் கோர்ட் பிரஸ் (எதிரணியைக் கோர்ட் முழுக்க நெருக்கித் தடுப்பது), அப்புறம் முக்கியமாக ஸோன் டிஃபென்ஸ் (ஆளைப் பிடிக்காமல் ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது).

ஸோன் பெரிய ஆசை காட்டும். பதினான்கு வயதுக்குள் யாராலும் தூரத்திலிருந்து சரியாகப் போட முடியாது. ஐந்து பேரை ரிங்கைச் சுற்றி நிறுத்திவிட்டால் எதிரணி திணறும், நீங்கள் 18-12 என்று ஜெயித்துவிடுவீர்கள். ஆனால் பந்தோடு வருகிறவன் முன்னால் நின்று, கால் நகர்த்தித் தடுப்பதை உங்கள் பிள்ளைகள் கற்றிருக்கமாட்டார்கள். பதினேழு வயதுப் பிரிவில் எல்லோரும் தூரத்திலிருந்து போடத் தொடங்கும்போது அந்தக் குறை வெளியே வரும். அதற்குள் வேறொரு பி.டி. சார் கையில் இருப்பார்கள் என்பதால் யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள். அதனால்தான் இந்தத் தவறு இத்தனை காலமாக நடக்கிறது. ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆள் என்று மேன் டு மேன் ஆடச் சொல்லுங்கள். தோற்றாலும் பரவாயில்லை.

7. எதில் பொறுமை, எதில் கண்டிப்பு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாம் இதைச் சார்ந்துதான் இருக்கிறது.

"பொறுமையாக இருங்கள்" என்றால் சிலர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நேரத்துக்கு வரமாட்டார்கள், ஆறு மாதத்தில் அது அணியாகவே இருக்காது. வேறு சிலர் எல்லாவற்றுக்கும் கத்துகிறார்கள். அங்கே பிள்ளைகள் பந்தைக் கையில் வாங்கவே பயப்படுவார்கள்.

கோடு போட ஒரே கேள்வி போதும்: இதைச் செய்யத் திறமை வேண்டுமா? இடது கை லே-அப்புக்கு வேண்டும். அதைத் தவறவிட்டால் ஒரு சொல்கூட வேண்டாம், மாதக்கணக்கில் தவறவிடட்டும். பந்து போனபின் திரும்பி ஓடத் திறமை தேவையில்லை. நேரத்துக்கு வர, தோழனை எழுப்பிவிட, பெஞ்சில் இருந்து கைதட்ட எதற்கும் திறமை வேண்டியதில்லை. இவற்றில் முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்காதீர்கள், விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துங்கள்.

திருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரே திருத்தம்; அதை நோட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் மறுநாள் வேறொன்றைச் சொல்வீர்கள். "ஏன்டா விட்டே?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் கிடையாது. "அடுத்த தடவை பந்து வரும் முன்னாடியே கையை விரிச்சு வை" என்றால் அவனால் செய்ய முடியும். பாஸ் சரியாகப் போய், வாங்கியவன் தவறவிட்டால் பாஸ் கொடுத்தவனை உரக்கப் பாராட்டுங்கள். ரிங்குக்குள் விழுந்ததை மட்டும் பாராட்டினால், விரைவில் எல்லோரும் ஷாட் மட்டும்தான் போடுவார்கள்.

8. மேட்சில் யாரை எப்போது இறக்குவது

குறுவட்டப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் வருடம் முடிந்தது. இந்த அமைப்பில் புதியவனை இறக்க எந்தக் கோச்சுக்கும் கை வராது. அதனால் பக்கத்துப் பள்ளிகளோடு சனிக்கிழமை நட்பு ஆட்டங்கள் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கோப்பை, விருந்தினர், மாலை எதுவும் வேண்டாம்.

மேட்சுக்கு முந்தைய இரவே மாற்று ஆட்டக்காரர் திட்டத்தைத் தாளில் எழுதுங்கள்: முதல் கால்பகுதி யார், இரண்டாவது யார். சூடான நேரத்தில் உங்கள் மூளையை நம்பாதீர்கள். பின்தங்கும்போது எல்லோரும் அந்த ஐந்து பேரையே வைத்து ஓட்டுவார்கள், நீங்களும்தான். இரண்டாவது ஐவரை ஒன்றாக இறக்குவதைவிட, முதல் அணியில் இருவரை வைத்துக்கொண்டு மூவரை மாற்றுவது நல்லது. புதியவன் பாஸ் கொடுக்கத் தெரிந்தவன் பக்கத்தில் நின்று ஆடும்போதுதான் வேகமாகக் கற்கிறான்.

தவறு செய்த மறுநொடி ஒருவனை வெளியே கூப்பிடவே கூடாது. அப்படிக் கூப்பிட்டால் அடுத்த முறை அவன் பந்தைப் பார்க்கமாட்டான், உங்கள் முகத்தைப் பார்ப்பான். திட்டப்படி அவன் நேரம் முடியும் வரை ஆடட்டும். விதி மீறினால் மட்டும் உடனே வெளியே. பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைச் சில வாரங்களிலேயே புரிந்துகொள்வார்கள்.

9. பெரிய தோல்விக்கு மறுநாள்

52-9 என்ற மாதிரி ஒரு ஸ்கோர் கட்டாயம் வரும். ஆட்டம் முடிந்தவுடன் எதுவும் பேசாதீர்கள். எதிரணியோடு கைகுலுக்க வையுங்கள், சாப்பிட ஏதாவது வாங்கிக்கொடுங்கள், வீட்டுக்கு அனுப்புங்கள். மறுநாள் வழக்கமான பயிற்சியையே நடத்துங்கள். தண்டனை ஓட்டம் ஓட வைத்தால், ஓட்டம் என்பதே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை வேண்டுமென்றால் என்.பி.ஏ. அணியான ஓக்லஹோமா சிட்டி தண்டரைச் சொல்லுங்கள். 2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸ் அணி அவர்களை 152-79 என்று வென்றது. 73 புள்ளி வித்தியாசம், என்.பி.ஏ. வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அந்த சீசனில் 24 வெற்றி, 58 தோல்வி. பயிற்சியாளர் மார்க் டெய்னால்ட்டை மாற்றவில்லை. அடுத்த சீசன் 40 வெற்றி, பிறகு 57, பிறகு 68. 2025 ஜூனில் அதே டெய்னால்ட்டின் கீழ் கோப்பை.

உங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: தோற்கும் என்.பி.ஏ. அணிக்கு அடுத்த இளம் வீரர் தேர்வில் முன்னுரிமை கிடைக்க வாய்ப்பு அதிகம். குறுவட்டத்தில் தோற்றால் உங்களுக்கு யாரும் எதுவும் தரமாட்டார்கள். தண்டரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. அங்கே ஆட்டம் முடிந்து ஒருவரைப் பேட்டி எடுத்தால் மொத்த அணியும் அவரைச் சூழ்ந்து நிற்கும். செட் ஹோம்கிரென் கால் காயத்தால் முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. கோப்பை வென்றபோது அவர் முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவர். காயம்பட்ட உங்கள் பிள்ளையும் வீட்டில் இருக்க வேண்டாம். கோர்ட்டுக்கு வந்து ஸ்கோர் ஷீட் எழுதட்டும். வராமல் விட்டவன் குணமான பிறகும் பெரும்பாலும் திரும்புவதில்லை.

10. இரண்டாம் சீசனில் என்ன மாறும்

மூத்தவர்கள் ஆளுக்கு ஒரு புதியவனை எடுத்துக்கொண்டு நிற்கவும் திரும்பவும் சொல்லிக்கொடுக்கட்டும். சொல்லிக்கொடுக்கும்போதுதான் தங்களுக்கு எது சரியாக வரவில்லை என்பது அவர்களுக்கே தெரியும்.

முன்னேற்றத்தை ஸ்கோரில் பார்க்காதீர்கள். ஒரு ஆட்டத்தில் எத்தனை முறை பந்தைச் சும்மா இழந்தோம், எத்தனை பேர் ஷாட் எடுத்தார்கள், இடது கையில் எத்தனை முயற்சி என்ற மூன்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். பெஞ்சில் இருப்பவனே எண்ணலாம். ஒன்றிரண்டு எளிய செட் பிளேயை இப்போது தொடங்கலாம். முடிந்தால் மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு ஒரு வேன் பிடித்துக் கூட்டிப்போங்கள். பந்து கையில் இல்லாதபோது பெரிய ஆட்டக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னால் போதும்.

11. நல்ல ஆட்டக்காரன் போகும்போது

இரண்டாம் வருட முடிவில் உங்கள் சிறந்த பிள்ளைக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கலாம், இல்லையென்றால் பெரிய பள்ளி ஒன்று கூப்பிடலாம். விடுதியில் 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்குச் சேர்க்கை நடக்கும். அணி பலவீனமாகிவிடும் என்று சிலர் தகவலையே பெற்றோரிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். மற்ற பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகாது. அதற்குப் பிறகு நீங்கள் போடும் எந்த விதிக்கும் மரியாதை இருக்காது.

நீங்களே முன்கூட்டிப் பேசுங்கள். பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, ஆடிய போட்டிகளின் சான்றிதழ்கள், புகைப்படம் எல்லாவற்றையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைலில் முதல் வருடத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். அறிவிப்பு வந்து கடைசித் தேதிக்குள் அலைவதைவிட இது சுலபம். அவன் இடத்தில் யாரை ஆட வைப்பது என்பதைக் கழிக்காமல் வைத்திருந்த அந்த இருபது பேரில் தேடுங்கள். பெரும்பாலும் அது டிசம்பரில் பிறந்தவனாக இருப்பான், இப்போதுதான் வளரத் தொடங்கியிருப்பான்.